பக்கத்தைவிட்டுப் பறந்துபோகும் மீன்கொத்தி

1

பறவைக் கையேடுகளை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. பையில் போட்டுக்கொண்டு போவோம், பறவை கண்ணில் பட்டால் புரட்டுவோம், பெயர் கிடைத்ததும் மூடிவிடுவோம். எனக்கு இந்தக் கையேடுகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற பழக்கம் உண்டு. பகலெல்லாம் அடுத்தவர்கள் எழுதிவைத்த நிரல்களைப் படிப்பதுதான் என் வேலை. அதில் ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். நீளமாக விளக்குகிறவர் தன் அனுமானங்களை எங்காவது சொல்லிவிடுவார். சுருக்கி எழுதுகிறவருக்கு அதற்கு இடமில்லை. 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று அவர் எதை விட்டுவிடுகிறாரோ, அங்கேதான் அவருடைய உலகம் இருக்கிறது.

பறவைக் கையேட்டை விடச் சுருக்கமான உரைநடை கிடைப்பது கஷ்டம். ஒரு பறவைக்கு ஏழெட்டு வரி: அளவு, நிறம், குரல், வாழிடம், வந்துபோகும் மாதங்கள். பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு வரைபடம். அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் அப்படி ஒரு பதிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஒரு சிறுகதையை வாசிக்கிற மாதிரி. யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள், கதை எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்தப்படுகிறது என்று பார்க்கலாம்.

பறவை: ஹால்சியான் செனகலென்சிஸ். ஆங்கிலத்தில் உட்லாண்ட் கிங்ஃபிஷர். இங்கே கானக மீன்கொத்தி என்று அழைக்கிறேன். நம் ஊர் கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். நம்முடையதற்குத் தலை சாக்லேட் நிறம், அலகு முழுச் சிவப்பு. அதற்குத் தலை வெளிர்சாம்பல், தோளில் கறுப்பு, முதுகிலும் வாலிலும் கண்ணைப் பறிக்கும் நீலம். அலகுதான் விசேஷம்: மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி கறுப்பு. பாதி வேலையில் பெயிண்டர் எழுந்துபோன மாதிரி.

சஹாராவுக்குத் தெற்கே, செனகலில் இருந்து எத்தியோப்பியா வரை, அங்கிருந்து கீழே தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு வரை இதன் பரப்பு. பெயரில் மீன் இருந்தாலும் நீர்நிலை இதற்கு அவசியமில்லை. மரங்கள் வேண்டும், குறிப்பாக வேல மர வகைகள் நிற்கும் புல்வெளிக் காடு. மரக்கிளையில் அசையாமல் உட்கார்ந்து தரையைப் பார்க்கும். வெட்டுக்கிளி, வண்டு, பல்லி, சின்னப் பாம்பு என்று கிடைப்பதை எல்லாம் பாய்ந்து எடுக்கும். எப்போதாவது மீனும் தவளையும் உண்டு. தோட்டம், வீடு, லாட்ஜ் என்று மனிதர்கள் இருக்கும் இடத்திலும் தயங்காது. கூடு கட்டுவதில்லை, மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்த பழைய பொந்தில் குடியேறிவிடும். குடியேறிய பிறகு அதன் கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லைக்குள் யார் வந்தாலும், மனிதனே வந்தாலும், பாய்ந்து விரட்டும்.

2

தென்னாப்பிரிக்கப் பகுதியின் கையேடுகளில் இதன் பதிவைப் படித்தால் கதை இப்படிப் போகும். கோடை மழை தொடங்கும் சமயம், நவம்பர் வாக்கில், க்ரூகர் தேசியப் பூங்காவில் இந்தப் பறவை 'வந்து சேர்கிறது'. வந்த நாளிலிருந்து ஓயாமல் கூப்பிடுகிறது: ஒரு கூர்மையான ஒற்றைச் சத்தம், அதைத் தொடர்ந்து கீழிறங்கும் நீண்ட அதிர்வு. சிறகுகளை விரித்து உள்பக்க வெண்மையைக் காட்டியபடி ஜோடி சேர்கிறது. குஞ்சு பொரிக்கிறது. மார்ச், ஏப்ரலில் 'போய்விடுகிறது'.

எங்கே போகிறது? பழைய பாணிக் கையேட்டில் பதில் ஒரு சொல்லில் முடிந்துவிடும்: வடக்கே.

இந்தக் கையேடுகளுக்கு ஒரு எல்லை மரபு உண்டு. குனேனே ஆற்றுக்கும் ஜாம்பெசி ஆற்றுக்கும் தெற்கே இருப்பதுதான் 'தெற்கு ஆப்பிரிக்கத் துணைப்பகுதி'. நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக்கின் தென்பாதி. வரைபடமும் ஜாம்பெசியோடு முடிந்துவிடும். அதனால் ஏப்ரல் மாதம் இந்த மீன்கொத்தி புத்தகத்தின் பக்கத்தைவிட்டே பறந்து போய்விடுகிறது. நவம்பரில் மறுபடி பக்கத்துக்குள் வருகிறது. நடுவில் ஏழு மாதம் அதற்கு வாழ்க்கை இருந்ததாகப் புத்தகத்தில் தடயமில்லை.

மீதிக் கதை வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி என்ற ஐந்து நாடுகளுக்கும் டெர்ரி ஸ்டீவன்சனும் ஜான் ஃபேன்ஷாவும் எழுதிய கையேடு கிழக்கு ஆப்பிரிக்காவில் பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் வைத்திருப்பது. தெற்கில் ஒரு புத்தகம், கிழக்கில் ஒரு புத்தகம். ஒரே பறவையின் ஆண்டு இரண்டு பதிப்பாளர்களுக்கு இடையில் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒருசேர விரித்து வைத்துக்கொண்டு பார்க்கிற வாசகருக்குத்தான் முழுப் பறவை கிடைக்கும்.

ஒரு நாவலில் முக்கியப் பாத்திரம் பாதிக் கதையில் காணாமல் போய், அதைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்கூடச் சொல்லாவிட்டால் நாம் கேள்வி கேட்போம். கையேட்டிடம் ஏன் கேட்பதில்லை?

3

அந்த ஏழு மாதத்தைச் சேர்த்துச் சொன்னால் கதையே மாறிவிடுகிறது.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் ஏறக்குறைய 8 டிகிரிக்குள் இருக்கும் கானக மீன்கொத்திகள் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவை. 8 டிகிரி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், கன்னியாகுமரி கிட்டத்தட்ட அந்த அட்சத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டைக்கு வெளியே, வடக்கிலும் தெற்கிலும் இருப்பவைதான் இடம்பெயர்கின்றன. வறண்ட காலத்தில் நிலநடுக்கோட்டுப் பக்கம் வருகின்றன. மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கத் தத்தம் பகுதிக்குப் போகின்றன.

ஆப்பிரிக்காவின் மழை ஒரு பட்டையாக நகர்கிறது. சூரியன் வடக்கே சாயும்போது மழைப்பட்டையும் வடக்கே ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சஹாராவின் தெற்கு ஓரமான சஹேலில் மழை. சூரியன் தெற்கே வரும்போது பட்டையும் இறங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை தெற்கில் மழை. மழை வந்தால் புல், புல் வந்தால் வெட்டுக்கிளி, வெட்டுக்கிளி இருந்தால் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. இந்தப் பறவையின் நாட்காட்டி இவ்வளவுதான்.

அப்படியென்றால் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் எதிரெதிர் ஷிஃப்டில் வேலை பார்க்கின்றன. தெற்குப் பறவைகள் க்ரூகரில் குஞ்சு வளர்க்கும் ஜனவரியில், வடக்கில் வறட்சி; சஹேல் ஓரத்துப் பறவைகள் நடுப்பட்டைப் பக்கம் இறங்கியிருக்கும். ஜூலையில் அவை வடக்கே போய்விட, தெற்குப் பறவைகள் நடுப்பட்டைப் பக்கம் ஏறியிருக்கும். நடுவில் இருக்கும் நிரந்தரவாசிகள் இரண்டு பக்கத்து உறவினர்களோடும் மாறி மாறிக் காட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. க்ரூகரின் நடுப்பகுதியிலிருந்து 8 டிகிரி தெற்கு அட்சம்வரை நேர்க்கோட்டில் கணக்கிட்டாலே சுமார் 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிற தூரம், 60 கிராம் எடையில்.

ஆபீஸில் சேரும்போது நிரப்புகிற படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்குமே: நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி. சென்னையிலோ பெங்களூரிலோ பத்து வருஷமாக இருப்பவர்களும் முதல் கட்டத்தில் சொந்த ஊரைத்தான் எழுதுகிறோம். தெற்குக் கானக மீன்கொத்தியிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்தால் என்ன எழுதும்? பிறந்ததும் குஞ்சு வளர்த்ததும் க்ரூகரில். ஆண்டில் அதிக மாதங்கள் வாழ்வது அதற்கு வடக்கே. கையேடு இந்தக் கேள்வியைக் கேட்காமலே தன் வாசகரின் ஊரை முதன்மையாக எடுத்துக்கொண்டு, மற்றதை வெற்றிடமாக விட்டுவிடுகிறது. தெற்கே பதிப்பிக்கப்பட்டால் பறவை தெற்கிலிருந்து 'போகிறது'. உகாண்டாவில் உட்கார்ந்து எழுதியிருந்தால், அது மழைக்குத் தெற்கே 'போய்' குஞ்சோடு 'வருகிறது'. வருவதும் போவதும் நிற்பவரைப் பொறுத்தவை. தமிழில் இந்த இரண்டு வினைகளைப் பேச்சில் ஒருநாளும் மாற்றிப் போடமாட்டோம். எழுத்தில் மட்டும் அவை பொதுவான உண்மைபோலத் தொனிக்க ஆரம்பித்துவிடுகின்றன.

4

பெயர்களுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இவ்வளவு தப்பான பெயர்களைச் சுமக்கும் பறவை குறைவு.

முதல் பெயர் மீன்கொத்தி. தமிழ், ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ் மூன்றிலும் மீன். ஆப்பிரிக்கான்ஸில் போஸ்வெல்ட்விஸ்ஃபாங்கர், அதாவது புதர்க்காட்டு மீன்பிடிப்பான். புதர்க்காட்டில் என்ன மீன் என்று பெயர் வைத்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை. உலகில் உள்ள மீன்கொத்தி இனங்களில் பெரும்பாலானவை மீனை நம்பி வாழ்பவை அல்ல. காட்டிலும் வெளியிலும் பூச்சி பிடிப்பவை. ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே இனம், அது மீன் பிடித்தது. அந்த ஒன்றின் தொழில் குடும்பம் முழுமைக்கும் பெயராகிவிட்டது.

இரண்டாவது, ஹால்சியான். கிரேக்கக் கதையில் அல்சியோனியின் கணவன் கடலில் மூழ்கி இறக்கிறான். துக்கம் தாங்காத அவளையும் அவனையும் தேவர்கள் மீன்கொத்திகளாக மாற்றுகிறார்கள். குளிர்காலத்தில் அவள் கடலோரத்தில் அடைகாக்கும் சில நாட்களுக்குக் காற்று அடங்கிக் கடல் அமைதியாக இருக்கும் என்பது நம்பிக்கை. 1821ல் வில்லியம் ஸ்வெய்ன்சன் இந்தப் பெயரை ஒரு பேரினத்துக்கு வைத்தார். அந்தப் பேரினத்தின் மாதிரி இனம் எது தெரியுமா? சாட்சாத் நம் கானக மீன்கொத்திதான். கடலோடு எந்த ஒட்டும் இல்லாமல் வேல மரத்தில் உட்கார்ந்து வெட்டுக்கிளி தின்கிற பறவை, கடலுக்காகக் காத்திருந்த பெண்ணின் பெயருக்கு அதிகாரபூர்வப் பிரதிநிதி.

மூன்றாவது, செனகலென்சிஸ். 1766ல் லின்னேயஸ் வைத்தது. ஐரோப்பியக் கைகளுக்கு உடல் வந்து சேர்ந்த வழி செனகல். அதனால் பறவை செனகலுடையது. நம் வெண்மார்பு மீன்கொத்திக்கும் இதே கதி. அது ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ், துருக்கியின் ஸ்மிர்னா நகரத்துப் பறவை. அந்த நகரம் இன்றைய இஸ்மிர். மன்னார்குடிக் குளத்தங்கரையில் இருப்பதும் பெயர்ப்படி இஸ்மிர்க்காரர். இதையும் தாண்டிப் போனது அலையாத்தி மீன்கொத்தியின் பெயர். 1834ல் ஆண்ட்ரூ ஸ்மித் அதற்கு செனகலாய்ட்ஸ் என்று வைத்தார். 'செனகல் பறவை மாதிரி இருப்பது' என்று அர்த்தம். செனகல் இருப்பது மேற்குக் கரையில். இந்தப் பறவை வாழ்வதோ கிழக்குக் கரையில். சொந்தமாக ஒரு ஊர்ப்பெயர்கூட இல்லை, இரவல்தான்.

பழைய பெயர்களைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் பெயருக்கு நிலைத்திருப்பதுதான் வேலை. ஆனால் இந்த மூன்று பெயர்களிலும் ஒரே பழக்கம் தெரிகிறது. பறவை எப்படி வாழ்கிறது என்பதைவிட, பார்த்தவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைத்தான் அவை பதிவு செய்கின்றன. பெயரில் இது வேடிக்கை. வலசையைப் பற்றிய எழுத்தில் இதே பழக்கம் தொடரும்போது விஷயம் வேடிக்கையாக இல்லை.

5

வலசை பற்றி நாம் படித்ததெல்லாம் எங்கே ஆரம்பிக்கிறது? பெரும்பாலும் 1822ல், வடக்கு ஜெர்மனியில் கிளூட்ஸ் என்ற ஊரில். கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்திய நிலையில் ஒரு வெண்நாரை அங்கே கிடைத்தது. பறவைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று குழம்பிக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு அது கண்கூடான சான்று. பாடம் செய்யப்பட்ட அந்த நாரை இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அருமையான கதை, நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையில் ஆப்பிரிக்காவுக்கு என்ன பாத்திரம் என்று பாருங்கள். ஈட்டி வந்த இடம். அவ்வளவே. ஈட்டியை எறிந்தவருக்கு அந்த நாரை எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் காணாமல் போகும் என்று தெரிந்திருக்கும் அல்லவா? கதைக்கு அவர் தேவைப்படவில்லை.

இந்த மரபின் மிகச் சிறந்த நூல் ரெஜினால்ட் மோரோ எழுதியது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவின் வடபகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலான வலசை பற்றிய அந்தப் புத்தகம் 1972ல் வந்தது, அவர் 1970ல் இறந்த பிறகு. மோரோ பட்டம் வாங்கிய பறவையியலாளர் அல்ல. கெய்ரோவில் ராணுவத் தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். 1928ல் இன்றைய தான்சானியாவில் உள்ள அமானி ஆய்வு நிலையத்துக்கு வந்து இருபது வருடம்போல அங்கே வாழ்ந்தார். கணக்கரின் கை புத்தகம் முழுக்கத் தெரியும். வடக்கிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் 500 கோடித் தரைப்பறவைகள் ஆப்பிரிக்காவுக்கு வருகின்றன என்று அவர் போட்ட மதிப்பீடு பல பத்தாண்டுகள் மேற்கோளாக ஓடியது. 2009ல் வந்த மறுகணக்கு அதைச் சுமார் 210 கோடியாகக் குறைத்தது.

மோரோ மேல் எனக்குக் குறை இல்லை. தலைப்பிலேயே எல்லையைச் சொல்லிவிட்டார். ஆப்பிரிக்கப் பறவைகளோடு இத்தனை வருடம் வாழ்ந்தவர் அவர். வறண்ட சஹேலில் வந்து இறங்கும் வடக்குப் பறவைகள் எப்படிப் பிழைக்கின்றன என்ற புதிரைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். பிரச்சனை, பின்னால் வந்த வாசிப்பில் இருக்கிறது. கண்டம் தாண்டி வருவதுதான் வலசை. கண்டத்துக்குள் நடப்பது ஏதோ லோக்கல் பஸ் என்ற தரவரிசை உருவாகிவிட்டது. ஆவணப்படங்களில் யார் வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்வாலோ, நாரை, ஆர்க்டிக் ஆலா. சஹாராவைக் கடப்பது வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மழையின் பின்னாலேயே போய்வரும் கானக மீன்கொத்தியின் வாழ்க்கையை வாசிக்க, வீரக்கதை என்ற வடிவம் உதவாது. கடப்பதற்கு ஒரு பாலைவனம் இல்லை, சேருவதற்கு ஒரு கோட்டை இல்லை. மழை நகர்கிறது, இதுவும் நகர்கிறது. கோவலன் கண்ணகியின் பயணத்துக்கு ஒரு காவியம் உண்டு. வருஷா வருஷம் கிடை போட ஆடு ஓட்டிப்போகிறவருக்கு யார் காவியம் எழுதினார்கள்?

6

இனி வரைபடம். வரைபடமும் ஒரு பிரதிதான், அதற்கும் இலக்கணம் உண்டு. வழக்கமான இலக்கணம் மூன்று நிறம்: ஆண்டு முழுவதும் இருக்கும் இடம், குஞ்சு பொரிக்க வரும் இடம், மற்ற காலத்தில் இருக்கும் இடம். கானக மீன்கொத்தி விஷயத்தில் இந்த இலக்கணம் எங்கே உடைகிறது என்றால், சரியாக நடுப்பட்டையில். அங்கே நிரந்தரவாசிகள் இருப்பதால் 'ஆண்டு முழுவதும்' என்ற நிறம் பூசிவிடுகிறார்கள். பூசியதும், வருஷத்துக்கு இரண்டு முறை அங்கே வந்து தங்கும் வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் அந்த நிறத்துக்கு அடியில் மறைந்துபோகின்றன. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பைத்தான் போட முடியும் என்று டேட்டாபேஸை வடிவமைத்தால் வருகிற கோளாறு இது. இரண்டு உண்மைகள் ஒரே கட்டத்துக்குள் இருந்தால், பின்னால் எழுதியது முன்னதை அழித்துவிடும்.

அடையாளமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தெற்கிலிருந்து வரும் துணையினத்துக்குக் கண்ணுக்குப் பின்னாலும் ஒரு கறுப்புத் தீற்றல் நீண்டிருக்கும். வடக்கு வடிவத்துக்கு அது கண்ணோடு நின்றுவிடும். கவனிக்கிறவர் பிரித்துவிடலாம். 'மீன்கொத்தி, பார்த்தாச்சு' என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்தால் முடியாது.

வரைபடத்தில் நிறமே இல்லாத இடம் இன்னும் சிக்கல். வெள்ளையாக இருந்தால் 'இங்கே இல்லை' என்றா, 'யாரும் பார்க்கவில்லை' என்றா, 'யாரும் போகவில்லை' என்றா? என் தொழிலில் பூஜ்ஜியமும் காலிக் கட்டமும் ஒன்றல்ல என்பது முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

இந்த இடத்தில் பாராட்ட வேண்டிய ஒரு பிரதி இருக்கிறது: தெற்கு ஆப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டம். முதல் சுற்று முக்கியமாக 1987 முதல் 1991 வரை நடந்து, 1997ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. இரண்டாவது சுற்று 2007ல் ஆரம்பித்து இன்றும் ஓடுகிறது. நிலத்தை ஏறக்குறைய 9க்கு 8 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தன்னார்வலர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது இரண்டு மணிநேரம் செலவழித்து, கண்டதையும் கேட்டதையும் பட்டியல் போடுகிறார்கள். எத்தனை பட்டியல்களில் ஒரு பறவை இடம்பெற்றது என்ற விழுக்காடுதான் அடிப்படை எண். அதாவது 'இருக்கிறது' என்று இந்தத் திட்டம் சொல்வதில்லை. 'இத்தனை பேர் தேடியதில் இத்தனை பேருக்குக் கிடைத்தது' என்கிறது. சொல்கிறவர் யார், எவ்வளவு நேரம் நின்றார் என்பது வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நேர்மையான கதைசொல்லி என்று இதைத்தான் சொல்வேன்.

இதிலும் ஒரு நுணுக்கம் கவனிக்கணும். கானக மீன்கொத்தி நவம்பரில் ஓயாமல் கூப்பிடுவதால் எல்லார் பட்டியலிலும் சட்டென்று ஏறிவிடுகிறது. குரல் நின்றதும் பட்டியலிலிருந்து இறங்குகிறது. கூப்பிடாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவையை யார் பார்த்தார்கள்? நாம் 'வருகை' என்று பதிவு செய்வதில் ஒரு பகுதி, பறவை பேச ஆரம்பித்த நாள். நிலநடுக்கோட்டுப் பக்கம், குஞ்சு வளர்க்கும் தேவை இல்லாத மாதங்களில் அது அடக்கமாக இருக்கும். அங்கே வந்து இறங்கும் விருந்தாளியின் வருகைக்குச் சத்தமும் இல்லை, பெயர் தெரிந்து காத்திருப்பவர்களும் குறைவு. கென்யாவிலும் நைஜீரியாவிலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள் இதே கட்ட முறையில் பட்டியல் போட ஆரம்பித்திருப்பது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காலிக் கட்டங்கள் நிரம்புவது ஒரு பக்கம். அங்கே இருப்பவர்கள் தங்கள் முற்றத்திலிருந்து 'வருகிறது' என்று எழுத ஆரம்பிக்கிறார்கள், அது இன்னொரு பக்கம்.

7

'ஒரு கையேட்டிடம் போய் இவ்வளவும் எதிர்பார்க்கலாமா? அது ஒரு கருவி. ஸ்க்ரூடிரைவரிடம் தத்துவம் கேட்பியா?' என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. புதிய கையேடுகள் பலவும் 'ஆப்பிரிக்காவுக்குள் வலசை போகும், இங்கே குஞ்சு பொரிக்கும் பறவை' என்று துல்லியமாகவே குறிப்பிடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய 'கோடைகால விருந்தாளி'யைவிட அது எவ்வளவோ மேல். தான் குஞ்சு பொரிக்கும் இடத்துக்குத் திரும்பிவருகிற உயிரை விருந்தாளி என்பது அபத்தம்.

ஆனால் கருவி என்பதாலேயே அதன் மொழி ஆபத்தானது என்று நினைக்கிறேன். கவிதையில் ஒரு சொல் பிசகினால் விமர்சகர்கள் பிடித்துக்கொள்வார்கள். கருவியின் சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. அப்படியே செய்திக்கும் பாடப்புத்தகத்துக்கும் சட்டத்துக்கும் போய்விடும். நம் ஊரையே பாருங்கள். ஒவ்வொரு வருஷமும் 'வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று செய்தி வரும். அங்கே கூடு கட்டும் நத்தைகொத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் இந்த மண்ணிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்து வெளிநாட்டவர் என்றோம்? இடம்பெயர்வது எல்லாமே வெளியிலிருந்துதான் வரும் என்ற அனுமானம் மொழியில் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. பறவையோடு அது நிற்பதும் இல்லை. கட்டிட வேலைக்கு வந்திருப்பவரைப் பற்றி நாம் பேசுகிற தொனியை ஒருமுறை கவனித்தால் போதும்.

வலசை என்ற நம் சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது. பழைய அகராதிப் பொருள், எதிரிப் படைக்கு அஞ்சி மக்கள் ஊரைவிட்டு ஓடுதல். அச்சத்தின் சொல்லைப் பறவைக்குக் கொடுத்து, அழகான சொல்லாக மாற்றிக்கொண்டோம். மாற்றியது நல்லதுதான். ஆனால் 'சொந்த ஊர் ஒன்று உண்டு, அதை விட்டு வெளியேறுகிறது' என்ற பழைய சட்டகம் இன்னும் அந்தச் சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கானக மீன்கொத்தி எதையும் விட்டு ஓடவில்லை. அதன் ஊர் ஒரு புள்ளி அல்ல, நகரும் மழையின் நீளம்.

வலசை ஒரு இனத்தின் பிறவிக் குணம்கூட அல்ல. இதே பேரினத்தைச் சேர்ந்த சாம்பல்தலை மீன்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் அது மழையோடு பெரிய தூரம் நகர்கிறது. செங்கடல் தாண்டி யேமன் பக்கம் குஞ்சு பொரிக்கப் போகிற கூட்டமும் உண்டு. அதே இனம் அட்லாண்டிக்கில் உள்ள கேப் வெர்டேயின் சாண்டியாகோ, ஃபோகோ, பிராவா தீவுகளில் ஆண்டு முழுவதும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தீவுக்காரர்கள் அதைப் பஸரின்யா என்கிறார்கள், சின்னப் பறவை என்று பொருள். பெயரில் மீனும் இல்லை, பயணமும் இல்லை. இன்னொரு பக்கம், அலையாத்தி மீன்கொத்தி தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியில் ஆற்றோரக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில்தான் கடலோர அலையாத்திக்கு வருகிறது. அதன் பெயரில் இருப்பது குளிர்கால முகவரி. பிறந்த வீடு பெயரில் இல்லை.

இடம் இல்லை, அதனால்தான் சுருக்கினோம் என்ற சமாதானத்தை நான் ஏற்கவில்லை. கையேட்டின் அதே அளவுக்குள் இப்படியும் எழுதலாம்: 'மழை தெற்கே இறங்கும் நவம்பரில் இறங்கி, மரங்கொத்தி விட்ட பொந்தில் மூன்று வெள்ளை முட்டை இடும். மழை முடிந்து ஏப்ரலில் நிலநடுக்கோட்டுப் பக்கம் திரும்பி, அங்கே ஆண்டு முழுவதும் வாழும் தன் இனத்தோடு கலந்திருக்கும். வடக்குக் கூட்டம் இதற்கு நேர் எதிர்.' முப்பதே சொற்கள். பறவை எங்கும் காணாமல் போகவில்லை. யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. இப்படி எழுத, எழுதுகிறவர் ஜாம்பெசிக்கு அந்தப் பக்கமும் ஒரு முற்றம் இருக்கிறது, அங்கேயும் ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பினால் போதும்.